இருதயம் தாளம் தவறும்போது



சேலத்திலிருந்து திருச்செங்கோடு செல்லும் சாலையில் இருக்கும் ஆட்டையாம்பட்டியை முறுக்குக்காக அறியாதவர்கள் குறைவு. ஆனால் இந்த வட்டாரத்துக்கு இன்னொரு தொழிலும் உண்டு. அது தறி. தறி ஓட்டுகிறவர் பக்கத்திலிருப்பவரோடு பேசிக்கொண்டே வேலை செய்வார். சத்தத்தில் சிறிது மாறுதல் தெரிந்தால் போதும், பேச்சை நிறுத்திவிட்டு இழையைப் பார்ப்பார். தாளம் தவறினால் எங்கோ கோளாறு என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

நமது இருதயமும் அப்படிப்பட்ட ஒரு தறிதான். நிமிடத்துக்கு 72 முறை என்று கணக்கிட்டால் ஒரே நாளில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான முறை அது துடிக்கிறது. தறிச் சத்தம் மாறினால் உடனே கவனிக்கிற நாம், இருதயத்தின் தாளம் மாறினால் பலவேளைகளில் கவனிப்பதில்லை. "வாயுத் தொல்லை", "பயந்த சுபாவம்", "ரத்தம் குறைந்துவிட்டது" என்று நாமே ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் இருந்துவிடுகிறோம். சில தாளக் கோளாறுகளுக்கு அப்படிக் காத்திருப்பதால் தீங்கில்லை. சிலவற்றுக்கு ஒரு மணி நேரம் காத்திருப்பதும் ஆபத்து. இரண்டையும் பிரித்தறிவது எப்படி என்பதை இம்முறை எளிய வார்த்தைகளில் விளக்க விரும்புகிறோம்.

துடிப்பு எங்கிருந்து பிறக்கிறது?

இருதயத்தில் நான்கு அறைகள் உள்ளன. மேலே இரண்டு, கீழே இரண்டு. மேலறைகள் இரத்தத்தைப் பெற்றுக் கீழறைகளுக்கு அனுப்புகின்றன. கீழறைகள் அதை நுரையீரலுக்கும் உடல் முழுவதற்கும் செலுத்துகின்றன. இந்த வேலைக்கு வேண்டிய மின்சாரத்தை இருதயம் தானே உண்டாக்கிக்கொள்கிறது.

வலது மேலறையின் உச்சியில் சிறிய முடிச்சு போன்ற ஒரு திசு இருக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்குமான மின்பொறி இங்கிருந்துதான் கிளம்புகிறது. அது மேலறைகளில் பரவி அவற்றைச் சுருங்கச் செய்து, பிறகு நடுவிலுள்ள இரண்டாவது முடிச்சை அடைகிறது. அங்கே சுமார் பத்தில் ஒரு பங்கு வினாடி தாமதிக்கிறது. பின்பு மெல்லிய நார்கள் வழியாகக் கீழறைகள் முழுவதும் பாய்கிறது.

அந்தச் சிறு தாமதம் எதற்கு? கைத்தறியைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நாடா மறுபுறம் போய்ச் சேர்ந்த பிறகுதான் பண்ணை வந்து அடிக்கவேண்டும். முந்திக்கொண்டு அடித்தால் நாடா நடுவில் சிக்கும், இழைகள் அறுந்துபோகும். அதுபோலவே மேலறையின் இரத்தம் கீழறைக்கு வந்து சேர்ந்த பிறகே கீழறை சுருங்கவேண்டும்.

இந்த அமைப்பு மனிதருக்குத் தெரியவந்து நூற்றிருபது ஆண்டுகள்தான் ஆகின்றன. ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஜப்பானிய மருத்துவர் சுனாவோ தவாரா 1906-ல் நடு முடிச்சை விளக்கினார். மறு ஆண்டில் இங்கிலாந்தில் ஆர்தர் கீத் என்பவரும், மருத்துவ மாணவரான மார்ட்டின் ஃப்ளாக் என்பவரும் மேல் முடிச்சைக் கண்டறிந்தனர். ஃப்ளாக் அதை முதலில் கண்டது ஓர் அகழெலியின் சின்னஞ்சிறு இருதயத்தில்.

தாளம் தவறுவதில் பல வகைகள்

ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை துடிப்பது இயல்பு. காய்ச்சல், ஓட்டம், கோபம், பயம் ஆகியவற்றில் துடிப்பு கூடுவது கோளாறல்ல. கடின உழைப்பாளிகளுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் ஓய்வில் 60-க்குக் கீழே இருப்பதும் உண்டு. மூச்சை இழுக்கும்போது சற்று விரைவதும் விடும்போது சற்றுத் தணிவதும் இளவயதினரிடம் இயற்கையே. இவற்றைக் கண்டு அஞ்சவேண்டாம்.

கோளாறுகளைப் பின்வருமாறு பிரிக்கலாம்.

முதலாவது, இடையில் புகும் கூடுதல் துடிப்பு. "நெஞ்சில் ஒரு துடிப்பு விட்டுப்போனதுபோல் இருக்கிறது" என்று சொல்வார்கள். உண்மையில் ஒரு துடிப்பு முந்தி வந்துவிடுகிறது. அதன் பின்வரும் சிறு இடைவெளிதான் "விட்டுப்போனதாக" உணரப்படுகிறது. நல்ல இருதயமுள்ளவர்களுக்கு இது பெரும்பாலும் தீங்கற்றது. தூக்கக் குறைவும், அளவுக்கு மீறிய காபியும், புகையும் இதைத் தூண்டலாம்.

இரண்டாவது, திடீரென வரும் அதிவேகத் துடிப்பு. மின்பொறி நேர்வழியில் போய்விடாமல் ஒரு வட்டப்பாதையில் சுற்றத் தொடங்கினால் நாடி 150, 200 என்று பாயும். சுவிட்சைப் போட்டதுபோலத் தொடங்கி, அணைத்ததுபோல நின்றுவிடும். மேற்புறத்திலிருந்து வருமானால் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. கீழறையிலிருந்து வருமானால் அவசரநிலை.

மூன்றாவது, மேலறை நடுக்கம். மருத்துவர்கள் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பது இதைத்தான். மேலறையில் நிமிடத்துக்கு 350-க்கும் மேற்பட்ட பொறிகள் தாறுமாறாக எழுகின்றன. அறை சுருங்காமல் வெறுமனே நடுங்குகிறது. நடு முடிச்சு சிலவற்றை மட்டும் கீழே விடுவதால், நாடி எந்த ஒழுங்கும் இல்லாமல் அடிக்கிறது.

நான்காவது, துடிப்பு மிகவும் குறைதல். மேல் முடிச்சு தளர்ந்துபோகலாம், அல்லது நடுவழியில் மின்பொறி தடைபடலாம். நாடி 30, 40 என்று இறங்கினால் தலைசுற்றலும் மயக்கமும் வரும்.

ஐந்தாவது, கீழறை நடுக்கம். இதில் இரத்தம் வெளியேறுவதே நின்றுவிடுகிறது. சில வினாடிகளில் நினைவு தப்பும். சில நிமிடங்களுக்குள் உதவி கிடைக்காவிட்டால் உயிர் பிரியும். மாரடைப்பு வந்து வீட்டிலேயே திடீரென இறந்தவர்களில் பலருக்கு நேர்ந்தது இதுவே.

காரணங்கள் என்ன?

தாளக் கோளாறு தனியொரு நோய் அல்ல. இருதயத் தசைக்குப் போகும் இரத்தம் தடைபடுதல், நெடுநாள் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், வால்வுக் கோளாறு, பிறவியிலேயே அமைந்த கூடுதல் மின்பாதை, முதுமை ஆகியவை இருதயத்துக்குள் இருக்கும் காரணங்கள்.

இருதயத்துக்கு வெளியேயும் காரணங்கள் உண்டு. தைராய்டு சுரப்பி அதிகமாக வேலை செய்தால் நாடி விரையும். கடும் வாந்தி பேதியிலும், நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரைகளாலும் பொட்டாசியம் என்னும் உப்பு குறைந்தால் தாளம் கெடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அதே உப்பு கூடிப்போய் இருதயம் மெதுவாகி நின்றுவிடவும் கூடும். ஒரே இரவில் அளவின்றி மது அருந்துகிறவர்களுக்கு மறுநாள் மேலறை நடுக்கம் வருவதுண்டு. ஆகவேதான் மருத்துவர் இருதயத்தை மட்டும் பார்க்காமல், கழுத்தைத் தடவிப் பார்க்கிறார், இரத்தம் எடுக்கச் சொல்கிறார், சாப்பிடும் மாத்திரைகளையெல்லாம் கொண்டுவரச் சொல்கிறார்.

இவற்றுள் இரண்டு காரணங்களைப் பற்றிச் சற்று விரிவாக எழுதவேண்டியது அவசியம் என்று கருதுகிறோம். ஒன்று ஏழைக் குடும்பங்களை அதிகம் பாதிப்பது. மற்றது இந்தச் சேலத்துச் சமவெளியின் வயல்களிலேயே வளர்வது.

தொண்டைப் புண்ணில் தொடங்கி பக்கவாதத்தில் முடிவது

ஐந்து முதல் பதினைந்து வயதுவரையுள்ள பிள்ளைகளுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் தொண்டைப் புண் வருவதுண்டு. நெருக்கடியான வீடுகளில் அது எளிதாகப் பரவும். சரியாகச் சிகிச்சை செய்யாவிட்டால், சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வரும். இதுவே ருமாட்டிக் காய்ச்சல். மூட்டு வீக்கம் தானாகவே வடிந்துவிடும். பெற்றோரும் மறந்துவிடுவார்கள். ஆனால் இருதய வால்வில் அது விட்டுச்சென்ற தழும்பு மறைவதில்லை.

வருடங்கள் செல்லச் செல்ல வால்வு சுருங்கும். இரத்தம் கீழே இறங்க வழியில்லாமல் மேலறை பெருத்துப்போகும். பெருத்த மேலறையில் நடுக்கம் தொடங்கும். நடுங்கும் அறையில் இரத்தம் தேங்கி உறையும். அந்த உறைகட்டி பிரிந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம். முப்பது வயதுத் தாய் ஒருநாள் காலையில் அடுப்படியில் வலது கையைத் தூக்க முடியாமல், பேச்சும் குழறி உட்கார்ந்துவிடுகிறாள் என்றால், அதன் தொடக்கம் அவள் பள்ளிப் பருவத்தில் வந்த தொண்டைப் புண்ணாக இருக்கலாம்.

இந்தச் சங்கிலியை எந்தக் கண்ணியிலும் அறுக்கலாம் என்பதே நல்ல செய்தி. தொண்டைப் புண்ணுக்குப் பென்சிலின் கொடுத்தால் முதல் கண்ணி அறும். ருமாட்டிக் காய்ச்சல் வந்துவிட்ட பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சத்தீன் பென்சிலின் ஊசியைப் பல ஆண்டுகள் தவறாமல் போட்டால், வால்வு மேலும் கெடாமல் காக்கலாம். ஊசி வலிக்கிறதே என்றும், பிள்ளை இப்போது நன்றாக இருக்கிறானே என்றும் நிறுத்திவிடுவதுதான் பெரும் தவறு. மேலறை நடுக்கம் வந்த பின்னும் வழி இருக்கிறது. இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையால் பக்கவாதத்தைப் பெருமளவு தவிர்க்கலாம்.

இந்த மாத்திரைகளில் வார்ஃபரின் பழையது. அதைச் சாப்பிடுகிறவர்கள் அடிக்கடி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பரிசோதனை தேவைப்படாத புதிய மாத்திரைகள் வந்துவிட்டன. ஆனால் ருமாட்டிக் வால்வு நோயோடு மேலறை நடுக்கமும் உள்ளவர்களிடம், நம் நாடு உட்படப் பல நாடுகளில் நடத்தி 2022-ல் வெளியிட்ட இன்விக்டஸ் ஆய்வில், வார்ஃபரின் வகை மருந்து பெற்றவர்களே புதிய மாத்திரை பெற்றவர்களைவிட அதிகம் பிழைத்திருந்தனர். ஆகையால் "புதியதுதான் நல்லது" என்று யாரும் தாமாக மாற்றிக்கொள்ள வேண்டாம். வார்ஃபரின் சாப்பிடும் பெண்கள் கருவுற நினைத்தாலும், நாள் தள்ளிப்போனாலும் உடனே மருத்துவரிடம் சொல்லவேண்டும். அந்த மருந்து கருவிலுள்ள சிசுவைப் பாதிக்கக்கூடும்.

அரளியும் இருதயமும்

சேலம் மாவட்டத்தில் பனமரத்துப்பட்டிப் பக்கம் போனவர்கள் அரளித் தோட்டங்களைப் பார்த்திருப்பார்கள். வெள்ளையும் சிவப்புமாக, விடியற்காலையில் மொட்டுப் பறித்துச் சந்தைக்கு அனுப்புவார்கள். தண்ணீர் குறைந்த நிலத்திலும் வளர்ந்து பல குடும்பங்களுக்குச் சோறு போடும் செடி அது. வீட்டு வேலிகளில் மஞ்சள் அரளியும் நிற்கும்.

இவ்விரண்டு செடிகளின் எல்லாப் பாகங்களிலும் இருதயத்தைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது. இருதயத் தசையின் ஒவ்வோர் உயிரணுவும் சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுத்துத் தன் மின்னோட்டத்தைக் காத்துக்கொள்கிறது. அரளியின் நஞ்சு அந்த வேலையைத் தடுத்துவிடுகிறது. நாடி மெதுவாகும், நடுவழியில் மின்தடை ஏற்படும், சிலருக்குக் கீழறைத் துடிப்பும் தாறுமாறாகும். காய்ச்சுவதாலோ உலர்த்துவதாலோ நஞ்சு போய்விடாது.

வியப்பு என்னவென்றால், இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பொருள் மருந்தாகவும் பயன்படுகிறது. ஆங்கில மருத்துவர் வில்லியம் விதரிங் 1785-ல் ஃபாக்ஸ்குளோவ் என்னும் செடியின் இலையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அந்த வகைச் செடியிலிருந்து வந்ததே இன்றும் தளர்ந்த இருதயத்துக்கும் மேலறை நடுக்கத்துக்கும் கொடுக்கப்படும் டிகாக்சின். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே உள்ள இடைவெளி மிகக் குறுகியது. டிகாக்சின் சாப்பிடுகிறவர்கள் ஒரு மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

அரளி நஞ்சால் நேரும் மரணங்கள் 1980-களில் யாழ்ப்பாணத்தில் பெருகி, பின்பு இலங்கை முழுவதும் பரவிய துயரத்தை மருத்துவ உலகம் அறியும். அங்கே நடந்த ஓர் ஆய்வில், டிகாக்சினுக்கு எதிராகத் தயாரித்த முறிவு மருந்து அரளி நஞ்சுக்கும் பலன் தருவதாகவும், கெட்ட தாளத்தை விரைவில் சீராக்குவதாகவும் 2000-ம் ஆண்டில் லான்செட் இதழில் அறிவித்தார்கள். ஆனால் அதன் விலை மிக அதிகம். 2002-ல் இலங்கையில் அந்த மருந்து கிடைக்காமல் போனபோது மரணங்கள் மறுபடியும் கூடின என்று மறு ஆண்டில் அதே மருத்துவர்கள் எழுதினார்கள். மருந்து இருப்பது மட்டும் போதாது, அது ஏழையின் கைக்கு எட்டவும் வேண்டும் என்பதற்கு இதைவிடக் கசப்பான பாடம் வேண்டியதில்லை.

கேரளத்தில் 2024 மே மாதத்தில் திருவாங்கூர், மலபார் தேவஸ்வம் வாரியங்கள், கோயில்களில் நிவேதனத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூவைச் சேர்க்கவேண்டாம் என்று முடிவு செய்தன. பூவைத் தொடுவதாலோ மாலை கட்டுவதாலோ இருதயத்துக்குத் தீங்கு வராது. கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட்டால் போதும். ஆனால் அது வாய்க்குப் போகக்கூடாது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். தழையை ஆடு மாடுகளுக்கும் எட்டவிடாதீர்கள்.

யாராவது தவறுதலாகவோ மனவேதனையிலோ அரளியை உட்கொண்டுவிட்டால், உப்புத் தண்ணீர், சாணிக் கரைசல், புளிக் கரைசல் எதையும் கொடுக்காதீர்கள். வாந்தி எடுக்கச் செய்யவும் முயலாதீர்கள். 108-ஐ அழைத்து உடனே ஈ.சி.ஜி. வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். வந்தவர் தெளிவாகப் பேசுகிறார், எழுந்து நடக்கிறார் என்பதற்காக வீட்டுக்கு அழைத்துப்போய்விட வேண்டாம். தாளம் சில மணி நேரம் கழித்தும், சிலவேளை மறுநாளும் அதற்குப் பின்னும்கூடக் கெடலாம். உரிய நேரத்தில் வந்து, தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் மிகப் பலர் பிழைக்கிறார்கள்.

மனம் உடைந்திருப்பவர்களை நாம் கடிந்துகொள்ள வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து கேட்போம். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலும், நாடெங்கும் 14416 என்ற எண்ணிலும் எந்நேரமும் பேச ஆள் இருக்கிறார்கள்.

கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

மூன்று விரல்களே முதல் கருவி. கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் மெதுவாக வைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணவேண்டும். எண்ணிக்கை ஒருபுறம் இருக்கட்டும், ஒழுங்கு இருக்கிறதா என்பதையும் கவனிக்கவேண்டும்.

இரண்டாவது கருவி ஈ.சி.ஜி. இதற்கு வழிவகுத்தவர் ஹாலந்து நாட்டு வில்லெம் ஐந்தோவன். அவருடைய இயந்திரம் சுமார் 270 கிலோ எடை. அதை இயக்க ஐந்து பேர் வேண்டியிருந்தது. இதற்காக 1924-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று அதே வேலையைக் கையில் தூக்கிச் செல்லக்கூடிய பெட்டி சில நிமிடங்களில் செய்துவிடுகிறது. வலியில்லை, ஊசியில்லை, மின்சாரம் உடலுக்குள் போவதுமில்லை.

ஒன்றை மறக்கக்கூடாது. தாளக் கோளாறு வந்து போகும் இயல்புடையது. ஈ.சி.ஜி. எடுக்கும்போது எல்லாம் சரியாக இருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கு 24 மணி நேரமோ அதற்கு மேலோ மார்பில் கட்டிப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவி உதவும். படபடப்பு இருக்கும் அந்த நேரத்திலேயே அருகிலுள்ள இடத்தில் ஈ.சி.ஜி. எடுத்து, அந்தத் தாளைப் பத்திரப்படுத்தி வைத்தால், பின்னால் பார்க்கும் மருத்துவருக்கு அது பொன்னைப் போன்றது.

சிகிச்சை உண்டா?

உண்டு. தீங்கற்ற கூடுதல் துடிப்புக்கு ஆறுதலான விளக்கமே பெரும்பாலும் போதும். தைராய்டு, உப்புக் குறைவு போன்றவற்றைச் சரிசெய்தால் தாளமும் சீராகும். சிலருக்கு மாத்திரை வேண்டும். கூடுதல் மின்பாதை உள்ளவர்களுக்குத் தொடையின் இரத்தக் குழாய் வழியாகக் கம்பி செலுத்தி அந்த இடத்தைச் சுட்டுவிடுவார்கள். பலருக்கு இது நிரந்தரத் தீர்வு.

மின்தடையால் மெதுவாகிப்போன இருதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைக்கப்படுகிறது. உடலுக்குள் வைக்கும் பேஸ்மேக்கரை முதன்முதலில் பெற்றவர் சுவீடனைச் சேர்ந்த ஆர்னே லார்சன். ஆண்டு 1958. முதல் கருவி சில மணி நேரமே உழைத்தது. ஆனால் அவர் அடுத்தடுத்து 26 கருவிகளைப் பெற்று 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். கருவியைச் செய்த பொறியாளரையும் பொருத்திய அறுவை மருத்துவரையும் விட அதிக நாள் உயிரோடிருந்தவர் அவரே.

நீங்கள் செய்யக்கூடியது

காரணமின்றி மயங்கி விழுதல், படபடப்போடு மார்பு வலி அல்லது மூச்சுத்திணறல், ஓய்வில் நாடி 40-க்குக் கீழே இறங்கித் தலைசுற்றுதல் அல்லது 150-க்கு மேல் போய் நிற்காமல் ஓடுதல், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நேர்ந்திருத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்க வேண்டாம்.

ஒருவர் கண்ணெதிரே சுருண்டு விழுந்து, அழைத்தால் பதிலில்லை, மூச்சும் இல்லை என்றால், ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். மற்றொருவர் மார்பின் நடுவில் இரு கைகளையும் சேர்த்து வைத்து, சுமார் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தட்டும். வண்டி வரும்வரை ஓயவேண்டாம்.

இறுதியாக ஒரு சிறு வேண்டுகோள். உங்கள் சபையில் முதியவர்கள் கூடும் நாளில், பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ் அல்லது மருத்துவரை அழைத்து ஒவ்வொருவருடைய நாடியையும் ஒரு நிமிடம் பார்க்கச் செய்யுங்கள். ஒழுங்கற்றிருப்பவர்களின் பெயரைக் குறித்து, ஈ.சி.ஜி. எடுக்க யாராவது துணைக்குப் போங்கள். ருமாட்டிக் ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளை உங்கள் தெருவில் இருந்தால், அடுத்த ஊசி நாள் எது என்று அந்தத் தாயிடம் கேளுங்கள். தறிக்காரர் சத்தம் மாறியதும் திரும்பிப் பார்க்கிறார். நாமும் பக்கத்திலிருப்பவரின் தாளத்தை அப்படிக் கவனிக்கப் பழகிவிட்டால், அடுப்படியில் கை தளர்ந்து உட்காரும் ஒரு தாயையாவது காப்பாற்றியவர்களாவோம்.